தேடும் விமானம்

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரையில் லெனாக்ஸ் ஹெட் என்ற ஊர் உள்ளது. 2018-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள், அங்கே கடலில் இறங்கிய இரண்டு சிறுவர்கள் கரையிலிருந்து சுமார் 700 மீட்டர் தொலைவில் சிக்கிக்கொண்டார்கள். 3 மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழுந்துகொண்டிருந்தன. உயிர்காப்பு வீரர்கள் அவர்களை அடையப் பல நிமிடங்கள் ஆகும். நல்லவேளையாக, அன்று அவ்வீரர்கள் ஒரு புதிய கருவியைக் கையாளப் பழகிக்கொண்டிருந்தனர். 'டிரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம்தான் அது. அது பறந்து சென்று சிறுவர்களின் அருகே ஒரு பொட்டலத்தைப் போட்டது. நீரில் விழுந்ததும் பொட்டலம் காற்று நிரம்பி மிதவையாக விரிந்தது. புறப்பட்டதிலிருந்து மிதவையைப் போடும் வரை ஆன நேரம் ஏறத்தாழ 70 விநாடிகளே! இருவரும் மிதவையைப் பற்றிக்கொண்டு கரை சேர்ந்தனர்.

இங்கே, ஆபத்தில் இருந்தவர்களின் இடம் தெரிந்திருந்தது. காட்டில் வழி தவறியவர், வெள்ளத்தில் அகப்பட்டவர் போன்றோரை முதலில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? மீட்புப் பணியில் நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் இந்தத் தேடுதலே.

ஒரு சிறு கணக்கு

1 கிலோமீட்டர் நீளமும் 1 கிலோமீட்டர் அகலமும் உள்ள புதர்க்காட்டில் ஒருவரைத் தேடுவதாகக் கொள்வோம். நடந்து தேடுபவர் தம் இருபுறமும் சேர்த்து 10 மீட்டர் அகலத்தை நன்றாகப் பார்க்க முடியும் என்றால், அவர் 100 முறை குறுக்கே நடக்க வேண்டும். அதாவது 100 கிலோமீட்டர்! மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகும். டிரோனின் கேமரா மேலிருந்து 50 மீட்டர் அகலத்தைப் பார்த்தால், 20 முறை பறந்தால் போதும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு ஆகும் நேரம் சுமார் 33 நிமிடம். குளிரில் நடுங்கிக் கிடப்பவருக்கு இந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகலாம்.

இருளிலும் காணும் கண்

இரவில் எப்படித் தேடுவது? எல்லாப் பொருள்களும் தம் வெப்பநிலைக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகின்றன. நம் உடலும் அவ்வாறே. இக்கதிர்கள் நம் கண்ணுக்குப் புலப்படா. ஆனால் வெப்பக் கேமரா இவற்றை உணர்ந்து படமாக்குகிறது. குளிர்ந்த தரையின் நடுவே மனித உடல் ஒளிப்புள்ளியாகத் தெரியும். நடுப்பகலில் பாறையும் மணலும் சூடேறிவிடுவதால் உடலைப் பிரித்தறிவது கடினம். அகச்சிவப்புக் கதிர்களை நீர் தடுத்துவிடும். அடர்ந்த இலைகளும் மறைத்துவிடும். ஆகவே நீரில் மூழ்கியவரையோ இடிபாடுகளில் புதைந்தவரையோ இக்கேமராவால் காண முடியாது.

பனிமலையில்

2018 ஜூலையில் பாகிஸ்தானில் உள்ள பிராட் பீக் சிகரத்தில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ரிக் ஆலன் என்ற மலையேற்ற வீரர் தனியே சென்று காணாமற்போனார். அவர் இறந்திருக்கக்கூடும் என்றே மற்றவர்கள் அஞ்சினர். அருகில் உள்ள கே-2 சிகரத்தில் படம் எடுப்பதற்காக, போலந்து நாட்டின் பார்த்தெக் பார்கியெல் ஒரு டிரோன் கொண்டு வந்திருந்தார். அதை மேலே அனுப்பியபோது ஆலன் உயிருடன் இருப்பது தெரிந்தது. மீட்புக் குழுவினர் ஏறிச் சென்று அவரைப் பத்திரமாக இறக்கினர். 7,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். எனவே டிரோனின் இறக்கைகள் வழக்கத்தைவிட வேகமாகச் சுழல வேண்டும். மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும்.

நம் நாட்டிலும் 2013-இல் உத்தரகண்ட் வெள்ளத்தின்போது சிக்கியவர்களைத் தேட ஆளில்லாச் சிறு விமானங்கள் பயன்பட்டன.

ஓர் எச்சரிக்கை

விபத்து நடந்த இடத்தில் வேடிக்கைக்காக யாரும் டிரோன் பறக்கவிடக் கூடாது. அது மீட்பு ஹெலிகாப்டரில் மோதினால் பேராபத்து விளையும். ஒரு டிரோன் குறுக்கே வந்தாலே ஹெலிகாப்டர் பறப்பதை நிறுத்த நேரிடும். அந்தத் தாமதத்துக்கு விலை ஓர் உயிராக இருக்கலாம்.

டிரோன் இடத்தைக் காட்டும். மிதவையையோ மருந்தையோ கொண்டு சேர்க்கும். கயிற்றைக் கட்டி இறங்குவதும், காயம்பட்டவரைத் தூக்கி வருவதும் மனிதர்களின் வேலையே. அவர்கள் காலம் தாழ்த்தாமல் சரியான இடத்துக்குச் செல்ல உதவுவதே இச்சிறு விமானத்தின் பயன்.