மருந்து போன பிறகும்

பெங்களூரு கலாசிப்பாளையத்தில் மூட்டை தூக்கும் ஒரு தொழிலாளி. அவருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். டி.பி. என்றும் சயரோகம் என்றும் சொல்கிறோமே, அதுதான்.

காலையில் அவர் மாத்திரை விழுங்குகிறார். சிறிது நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். மருந்து இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை விட்டு வெளியேறுகிறது. இரவுக்குள் பெரும்பகுதி போய்விடும்.

அவருக்கு ஒரு சந்தேகம் வருகிறது. "இரவில் உடம்பில் மருந்து குறைந்துவிடுகிறதே. அந்த நேரத்தில் கிருமி வளர்ந்துவிடாதா?"

நல்ல கேள்வி. படித்த டாக்டர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்த கேள்வி இது.

செங்கல் சூளையில் நீங்கள் வேலை செய்திருக்கலாம். பக்கத்தில் நின்றாவது பார்த்திருப்பீர்கள். மழை பெய்தால் வேலை நின்றுவிடும். மழை விட்டதும் உடனே கல் அறுக்க முடியுமா? முடியாது. களம் காய வேண்டும். கரைந்துபோன பச்சைக் கல்லை அள்ளிப் போட வேண்டும். மண்ணை மறுபடியும் குழைக்க வேண்டும். மழை பெய்தது ஒரு நாள். வேலை கெட்டது நான்கு நாள்.

கிருமிக்கும் இதே கதிதான். மருந்து பல கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. சில சாகாமல் தப்புகின்றன. ஆனால் அவை அடிபட்டுக் கிடக்கின்றன. காசநோய்க் கிருமியைச் சுற்றி மெழுகு போன்ற ஒரு சுவர் உண்டு. ஐசோனியசிட் என்ற மருந்து அந்தச் சுவரைக் கட்டவிடாமல் கெடுக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியின் வழி வேறு. கிருமிக்கு வேண்டிய புரதத்தைச் செய்யும் இடத்தையே போய்ப் பிடித்துக்கொள்கிறது. மருந்து போனாலும் கெட்டது கெட்டதுதான். அதைச் சரிசெய்த பிறகே கிருமி ஒன்று இரண்டாகப் பெருக முடியும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கண்ணாடிக் குழாயில் கிருமியை வளர்த்தார்கள். அதில் மருந்தைச் சேர்த்தார்கள். பிறகு மருந்தை நன்றாக நீக்கிவிட்டார்கள். கிருமி எப்போது மறுபடி பெருகத் தொடங்குகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள்.

1940-களிலேயே பென்சிலின் மருந்தை வைத்து இப்படிப் பார்த்தார்கள். சீழ் பிடிக்க வைக்கும் கிருமிகள் சில மணி நேரம் பெருகவில்லை. காசநோய்க் கிருமியோ மிக மந்தமானது. சில கிருமிகள் நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்குக் கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அதனால் இது எழுந்திருக்கவும் நாளாகும். இலண்டனில் டெனிஸ் மிச்சிசன் என்ற அறிஞரும் அவருடன் இருந்தவர்களும் இதை அளந்தார்கள். ஒரு நாள் முழுவதும் ரிஃபாம்பிசின் பட்ட கிருமி இரண்டு மூன்று நாள் பெருகவில்லை. ஐசோனியசிட் பட்டது ஒரு வாரம் வரை கூடக் கிடந்தது. தயாசிட்டசோன் என்ற மருந்து மட்டும் ஏமாற்றிவிட்டது. அதை நீக்கியவுடன் கிருமி பழையபடி வளர்ந்தது! எல்லா மருந்தும் ஒன்றல்ல.

குழாயில் கண்டது ஏழை நோயாளிக்கு எப்படி உதவும்? அதற்கு பெங்களூருக்கும் சென்னைக்கும் போக வேண்டும்.

பெங்களூரு பெல்லாரி சாலையில் தேசியக் காசநோய் நிறுவனம் இருக்கிறது. 1959-ல் ஏற்பட்டது. 1960-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். நாடு முழுவதற்குமான காசநோய்த் திட்டத்தை வகுத்தவர்கள் இவர்கள்தான். 1962-ல் அந்தத் திட்டம் வந்தது. நோயாளி ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடலாம்.

வீட்டிலேயே குணமாகும் என்று நிரூபித்தது சென்னை. அங்கே சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்தது. ஆனால் ஒரு தொல்லை இருந்தது. வீட்டில் மாத்திரையை விழுங்குகிறாரா, பெட்டியில் போட்டு வைக்கிறாரா என்று யார் பார்ப்பது? தினமும் ஊழியர் முன்னால் வந்து சாப்பிடச் சொன்னால் கூலி வேலை கெடும். அதனால் வாரம் இரண்டே நாள் வரச் சொன்னார்கள். ஊழியர் முன்னாலேயே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் கொடுத்தார்கள். 1964-ல் முடிவு வெளிவந்தது. தினமும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு இது குறையவில்லை. இடையில் மருந்து இல்லாத நாட்களில் கிருமி அடிபட்டுக் கிடந்தது. சென்னையில் நடந்த இந்த வேலையை உலகமே பின்னர் எடுத்துக்கொண்டது. நாம் பெருமைப்படலாம்.

1997-ல் இந்தியாவின் திருத்திய திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து என்று வைத்தார்கள். அதில்தான் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் திங்கட்கிழமை சாப்பிடுகிறார். புதன்கிழமை வரவில்லை. அடுத்து வெள்ளிக்கிழமைதான். நடுவில் மூன்று நாள். களம் காய்ந்துவிடுகிறது, சூளை வேலை தொடங்கிவிடுகிறது! அப்படி எழுந்த கிருமிகளில் மருந்துக்கு அடங்காதவையும் தலைதூக்கும். தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்றும் தெரியவந்தது. ஆகவே 2017-ல் நாடு முழுவதும் தினசரி மருந்துக்கு மாறினார்கள். பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்து, நோயாளியின் எடைக்குத் தகுந்தபடி கொடுக்கிறார்கள். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும். பசி எடுக்கும். மூட்டை தூக்கத் தெம்பு வரும். பலர் இங்கேதான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதும் நுரையீரலில் சில கிருமிகள் கிடக்கின்றன. அவை செத்தவை அல்ல.

நம் கலாசிப்பாளையம் தொழிலாளிக்குச் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறார். புறப்படும் முன் சுகாதார ஊழியரிடம் சொன்னால் போதும். அத்தனை நாளுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்புவார். அங்கேயே தங்க நேர்ந்தால் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் மீதி மருந்தை வாங்கிக்கொள்ளலாம். மருந்து அட்டையைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.