எட்டும் தூரத்தில் இருக்கும் நஞ்சு

ஒருவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும், கடனா, காதலா, குடும்பப் பிணக்கா என்று காரணம் தேடுகிறோம். அவர் என்ன தொழில் செய்தார் என்று நாம் கேட்பது அரிது.

இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரையான மரணப் பதிவுகள் தொழில்வாரியாக ஆராயப்பட்டன. கட்டடத் துறைக் கூலித் தொழிலாளரான ஆண்களின் தற்கொலை வீதம், நாட்டு ஆண்களின் சராசரியிலும் மூன்று மடங்குக்கு மேலாக இருந்தது. பெண்களுள் தாதியரின் வீதம் சராசரியை விஞ்சியிருந்தது. குறைந்த கூலியும் நிலையற்ற வேலையும் ஒருசாராரை வாட்டுகின்றன. வைத்தியர், மிருக வைத்தியர், கமக்காரர் ஆகியோருக்கோ உயிர்கொல்லும் பொருள் தொழிலோடு கூடவே கைக்கெட்டுகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1995 அளவில் இலங்கையில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. வயலுக்கு வாங்கிய பூச்சிகொல்லி வீட்டிலேயே இருந்தது. ஒருகணச் சினமும் அவமானமும் மரணமாய் முடிந்தன.

அவற்றுள் மிகக் கொடிய நஞ்சுகள் 1980களிலிருந்து படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1995, 1998, 2008 முதல் 2011 வரையான தடைகள் முக்கியமானவை. தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீழ்ந்தது. 2015 வரையான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. இத்தடைகளால் விளைச்சலும் குன்றவில்லை.

அக்காலத்தில் மக்களின் துயர் குறைந்துவிட்டதா? இல்லை. போர் 2009 வரை நீடித்தது. நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வந்தோர் தொகையும் அதே அளவில் குறையவில்லை. ஆயினும் வந்தோரிற் பலர் பிழைத்தனர். அவ்வாறு பிழைத்தோரில் மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. சாவை விரும்பும் கணம் கடந்துபோகக் கூடியது என்பதே இதன் பொருள்.

இன்று எம்மவர் பலர் அந்நிய நகரங்களின் உணவகப் பின்கட்டுகளிலும் துப்புரவுப் பணியிலும் இரவிரவாக உழைக்கின்றனர். கடனையும் விசாக் கவலையையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூட வேலை செய்பவர் பேச்சடங்கி ஒதுங்கினால், சாக நினைக்கிறாரா என்று நேரே கேட்போம். கேட்பதனால் அவ்வெண்ணம் முளைப்பதில்லை. ஆபத்தான பொருளை அவர் கைக்கு எட்டாமல் அகற்றி, அவரைத் தனியே விடாது, வைத்தியரிடம் நாமே அழைத்துச் செல்வோம். அந்தக் கணம் கடக்கும்வரை உடனிருப்பது எம்மால் இயன்ற காரியமே.