நிறத்தைக் கண்டு ஏமாறாதீர்!

"ஐயா, பழுப்பு நிறமா இருந்தா நல்ல சரக்குதானே?" என்று பால்மரத் தொழிலாளி ஒருவர் கேட்டார். பதில் எல்லாருக்கும் உதவும்.

அயர்லாந்து விஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்லியைப் புளிக்க வைத்துக் காய்ச்சி வடிக்கும்போது அது தண்ணீர் போலத்தான் இருக்கும். பிறகு, அந்நாட்டுச் சட்டப்படி, 3 ஆண்டுக்குக் குறையாமல் மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். முன்பு அமெரிக்க பூர்பன் இருந்த பீப்பாய் என்றால் வனிலா வாசம் ஏறும். ஷெர்ரி இருந்தது என்றால் உலர்ந்த திராட்சை வாசம். நிறமும் மணமும் மரம் கொடுப்பவை. ஆனால் மதுசாரம் 40 விழுக்காட்டுக்குக் குறையாது. ஈரலுக்கு மரமும் தெரியாது, விலையும் தெரியாது.

கள்ளச் சம்சுவுக்கோ, கருக்கிய சீனியைக் கலந்தால் ஒரே நாளில் அந்த நிறம் வந்துவிடும். அதில் மெத்தனால் இருந்தால் கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. உடம்புக்குள் அது பார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் இப்படித்தான் பலர் மாண்டனர்.

குடித்து ஒரு நாள் கழித்துக்கூட வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல், மூச்சிரைப்பு வரலாம். "மப்பு தெளியட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். உடனே 999-க்கு அழையுங்கள். அல்லது சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மிச்சமுள்ள போத்தலையும் எடுத்துப் போங்கள். கூடக் குடித்தவர்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

தோழர்களே, 1947-இல் இதே கெடா மண்ணில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அவர்கள் காக்க நினைத்தது நம் குடும்பங்களைத்தான்.