டயரும் பந்தய வெற்றியும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் ஓட்டுநரின் துணிவும் எஞ்சினின் வலிமையுமே நேயர்களின் நினைவுக்கு வரும். ஆனால் அவ்வலிமை முழுவதும் தரையைச் சென்றடைவது டயர்களின் வாயிலாகவே. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 2005ஆம் ஆண்டு நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்று.

2004இல் இத்தாலியின் ஃபெராரி குழு 18 பந்தயங்களுள் 15இல் வென்றது; மைக்கேல் ஷூமாக்கர் ஒருவரே 13இல் வென்றார். மறு ஆண்டு நடந்த 19 பந்தயங்களுள் அக்குழு வென்றது ஒன்றே ஒன்று. ஓட்டுநர் மாறவில்லை, விதி மாறிற்று.

அதுவரை பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திப் புது டயர் மாட்டிக்கொள்ளலாம். 2005இலோ தகுதிச் சுற்றுக்கும், சுமார் 300 கிலோமீட்டர் நீளும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்கள்தாம். மென்மையான ரப்பர் தரையை நன்கு பற்றும், ஆனால் விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநேரம் உழைக்கும், ஆனால் சூடேறிப் பிடிப்புக் கொள்ளத் தாமதமாகும். இரண்டுக்கும் நடுவே உள்ள வழியைப் பிரான்சின் மிஷெலின் கம்பெனி கண்டுகொண்டது. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் தடுமாறிற்று. மிஷெலினுக்கு ஏழு குழுக்கள் ஓட்டிப் பார்த்துக் குறை நிறை கூறின. பிரிட்ஜ்ஸ்டோனுக்கோ ஃபெராரியை விட்டால் பொருள்வளம் குன்றிய ஜோர்டான், மினார்டி என்னும் இரு குழுக்களே இருந்தன. ஒருவருக்கே அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரைப் போல ஃபெராரிக்கென்றே டயர் செய்தது முன்பு நன்மையாய் இருந்தது. இப்போது அதுவே குறையாயிற்று.

மிஷெலினை நம்பியோரையும் இவ்விதி வாட்டாமல் விடவில்லை. மே 29 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் முன்னணியில் சென்ற மெக்லாரன் குழுவின் கிமி ரைக்கோனென் பிரேக்கை அழுத்தியபோது, சக்கரம் சுழலாமல் இழுபட்டு முன் டயரின் ஓரிடம் தட்டையாகத் தேய்ந்தது. நிறுத்தினால் முதலிடம் போய்விடும் என்று தொடர்ந்து ஓட்டினார். அதிர்வு மிகுந்து, கடைசிச் சுற்றில் சக்கரத்தைத் தாங்கும் தண்டு முறிந்தது. வெற்றி ரெனோ குழுவின் ஃபெர்னாண்டோ அலோன்ஸோவுக்குச் சென்றது.

ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நேர்ந்தது இதனினும் விந்தையானது. அங்கே சாய்வாக எழுப்பப்பட்ட வளைவொன்றில் மிஷெலின் டயர்கள் பயிற்சியின்போதே பழுதுற்றன. அவ்விடத்தை முழு வேகத்தில் கடப்பது ஆபத்து என்று கம்பெனியே எச்சரித்தது. வேகத்தைக் குறைக்கப் பாதையில் புதிய திருப்பம் அமைக்க வேண்டினர். சரியான டயர் கொணர்ந்தோர்க்கு அது அநீதி என்று ஆளும் கழகம் மறுத்தது. வாதம் நேரியதே, ஆயினும் சீட்டு வாங்கி வந்த மக்களின் ஏமாற்றத்தை அது ஆற்றவில்லை. முன்னோட்டச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் கொட்டகைக்குத் திரும்பிவிட, ஆறு மட்டுமே ஓடின. ஷூமாக்கர் வென்றார், அவ்வாண்டு ஃபெராரி பெற்ற ஒரே வெற்றி அதுதான்.

நான்காவதாக வந்தவர் ஜோர்டான் குழுவில் ஓட்டிய கோவை நாராயண் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆறு பேரில் நான்காமிடம்தானே என்று சிலர் எள்ளுவர். ஆனால் சேற்றில் சிக்கிய தேரை விட, ஓடி முடித்த வண்டி மேலன்றோ!

2006இல் டயர் மாற்ற மீண்டும் அனுமதி கிடைத்தது. ஃபெராரி 18இல் 9 பந்தயங்களை வென்றது. எஞ்சிய 9 மிஷெலின் டயர் பூட்டிய கார்களுக்குச் சென்றன. அவ்வாண்டின் இறுதியில் மிஷெலின் விலகவே, 2007 முதல் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே கம்பெனியின் டயர் என்றாயிற்று. 2010 வரை பிரிட்ஜ்ஸ்டோன், 2011 முதல் இத்தாலியின் பிரெல்லி. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை நடந்த இந்தியப் பந்தயத்தை நேரில் கண்ட நம்மவர் பார்த்தவை அந்தப் பிரெல்லி டயர்களையே. 2011இல் கார்த்திகேயனும் அங்கு அவற்றைப் பூட்டித்தான் ஓட்டினார்.