வைத்தியருக்குத் துணை – 9: நள்ளிரவில் ஒரு சொட்டு ரத்தம்

ரத்தம், சிறுநீர், சளி இவற்றைச் சோதித்து, என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பவர் ஆய்வக நுட்புநர். வார்டில் அவரை ‘லேப் டெக்னீஷியன்’ என்பார்கள். மருந்தாளுநரைப் பற்றிச் சென்ற வாரம் சொல்லியாயிற்று. அவருடைய வேலை மருந்துச் சீட்டுக்குப் பின்னால் தொடங்குகிறது. நுட்புநரின் வேலை சீட்டு எழுதுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். காய்ச்சலோடு வந்தவருக்கு எந்த மருந்து என்பது பல நேரம் நுட்புநர் கையெழுத்திட்ட தாளைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு மூன்று படிப்புகள் உண்டு: ஓராண்டுச் சான்றிதழ், இரண்டாண்டுப் பட்டயமான டி.எம்.எல்.டி., அதற்கும் மேலே பி.எஸ்சி. பட்டம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அரசுப் பணியில் நிலை 3-க்குச் சான்றிதழும் நிலை 2-க்குப் பட்டயமும் தகுதியாகக் கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. 2012-இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. ஒரு போகம் சம்பாவை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, எம்.பி.பி.எஸ். படிப்பின் ஐந்தரை ஆண்டு நீண்ட காத்திருப்பு. இரண்டே ஆண்டில் ஒரு பெண்ணோ பையனோ மருத்துவமனைக்குள் மதிப்பான வேலையில் நிற்க முடிகிறது என்பதே டெல்டாவில் இந்தப் படிப்பின் பெரிய பலம்.

பயிற்சியின் முதல் பாடம் ரத்தம் எடுப்பது. ஊசி குத்தப் பழகுவது சில வாரங்களில் கைவந்துவிடும். எந்தக் குழாயில் எடுப்பது, யார் பெயரை ஒட்டுவது என்ற இரண்டும்தான் கடைசிவரை கவனம் கேட்பவை. ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கிறது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரத்தம் உறைவதில்லை. அந்த ரத்தத்தில் கொஞ்சத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் ஏறியும் கால்சியம் இறங்கியும் காட்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் தொடங்கிவிடும். சர்க்கரைச் சோதனைக்குச் சாம்பல் நிற மூடி. அதிலுள்ள ஃபுளோரைடு இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கும் அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை குறைத்துவிடும். கிராமத்திலிருந்து ஆய்வகத்துக்கு வந்து சேர வேண்டிய ரத்தத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பெயர் ஒட்டுவதில் விதி ஒன்றே: நோயாளியின் பக்கத்தில் நின்று, ரத்தம் எடுத்த கையோடு ஒட்ட வேண்டும். ஒரே வார்டில் இரண்டு செல்வி, மூன்று ராஜேந்திரன் படுத்திருப்பது டெல்டா ஊர்களில் சாதாரணம். அதனால் பெயரோடு வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், உள்நோயாளி எண் எல்லாம் கேட்டு எழுதப் பழக்குகிறார்கள். ‘நீங்கதானே செல்வி?’ என்று கேட்கக் கூடாது. ‘உங்க பேரு என்ன?’ என்றுதான் கேட்க வேண்டும். காய்ச்சல் மயக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டிவிடுவார்.

அடுத்த பாடம் கண்ணாடிச் சில்லில் ரத்தம் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது. கும்பகோணம் வட்டாரத்தில் இந்தப் பாடத்துக்குத் தனி வரலாறு உண்டு. யானைக்கால் நோயால் நெடுங்காலம் பெயர்கெட்ட ஊர் அது. இந்த நோயைத் தரும் புழுவின் இளம்பருவமான நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்குழாய்களுக்குள் ஒதுங்கிக்கொள்கின்றன. இரவு 10 மணிக்கு மேல் 2 மணி வரைதான் விரல்நுனி ரத்தத்தில் நிறைய வருகின்றன. இவற்றைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரமும் இரவே.

இந்த நேர ஒழுங்கு தெரியவந்த விதம் ஆய்வகத்தில் உட்காரப்போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1870-களில் சீனாவின் ஆமோய் துறைமுகத்தில் இருந்த ஸ்காட்லாந்து மருத்துவர் பேட்ரிக் மேன்சன், ரத்தத்தில் புழு தேட இரண்டு சீன உதவியாளர்களைப் பழக்கினார். ஒருவர் பகலில் பார்த்தார், மற்றவர் இரவில் பார்த்தார். இரவில் பார்த்தவரின் கணக்கில் புழு கண்ட நோயாளிகள் அதிகமாக இருந்தார்கள். பகல் உதவியாளர் அசட்டையாக இருக்கிறார் என்று தள்ளிவிடாமல், மேன்சன் ஒரே நோயாளியின் ரத்தத்தை இரவும் பகலும் இடைவிடாது சோதிக்கச் செய்தார். பொழுது சாயச் சாயப் புழு கூடுவதும் விடிய விடியக் குறைவதும் தெளிவானது. இரண்டு உதவியாளர்களும் கண்டதைக் கண்டபடி எழுதியதால்தான் இது வெளியே வந்தது. ஒருவர் மற்றவரின் கணக்கைப் பார்த்துத் தன் கணக்கைச் ‘சரிசெய்து’ எழுதியிருந்தால், மருத்துவம் இன்னும் பல ஆண்டுகள் பகலிலேயே புழுவைத் தேடிக்கொண்டிருந்திருக்கும்.

1955-இல் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பின், இரவு ரத்த ஆய்வு அதன் முக்கிய வேலைகளில் ஒன்றானது. தெரு அடங்கிய பிறகு கதவைத் தட்டி, தூங்குகிறவரை எழுப்பி, விரலை நீட்டச் சொல்வது எளிதல்ல. ‘எனக்குத்தான் ஒண்ணுமில்லையே’ என்பார் வீட்டுக்காரர். அவரைத்தான் சோதிக்க வேண்டும். கால் வீங்கியவரின் ரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு இருப்பதில்லை. அதைச் சுமந்து கொசுவுக்குக் கொடுப்பவர் பார்வைக்கு நல்ல உடம்போடு இருப்பார்.

மோதிர விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, ஊசிமுனையால் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைச் சில்லில் தடிப்பாகப் பூச வேண்டும். சில்லில் அவருக்குரிய எண்ணையும் அங்கேயே எழுத வேண்டும். எறும்பு ஏறாத இடத்தில் காயவைக்க வேண்டும். எறும்பும் ஈயும் காயாத ரத்தப் பூச்சைத் தின்றுவிடும். பிறகு தண்ணீரில் சிவப்பு போகக் கழுவி, ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றுகிறார்கள். ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி என்ற இரண்டு இந்தியர்கள் மலேரியாவுக்காக 1944-இல் உருவாக்கிய மலிவான சாயம் அது. நுண்ணோக்கியில் தெரியும் நுண்புழுவின் வால் நுனியில் கரு இல்லையென்றால் அது தமிழகத்தில் காணப்படும் பான்கிராஃப்டி வகை. நுனியில் இரண்டு கருக்கள் இருந்தால் மலாயி வகை.

நெல் விளையும் டெல்டா என்பதற்காக இந்த நோய்க்கு வயலைக் குறை சொல்வது தவறு. யானைக்கால் கொசு ஊருக்குள் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பெருகுவது. நெல் வயல் தண்ணீரில் பெருகும் க்யூலெக்ஸ் வகைகள் வேறு. அவை பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல்.

நோயாளியிடம் கண்டதைக் கண்டபடியே எழுதிவைப்பது தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் விவரங்கள், அவர்களுடைய கண்களின் ஓவியங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. படம் வரைந்த கை கண்ணில் இல்லாததைச் சேர்க்காமல் இருந்ததால்தான், இன்றைய கண் மருத்துவர்கள் அவற்றைப் பார்த்து நோயை ஆராய முடிகிறது.

2004 முதல் நாடு முழுக்க யானைக்கால் நோய்ப் பகுதிகளில் ஆண்டுக்கொரு முறை டி.இ.சி. மாத்திரை கொடுக்கப்பட்டு வந்ததால் புழு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பகலிலும் பார்க்கக்கூடிய சோதனைப் பட்டை வந்துவிட்டது. நள்ளிரவில் கதவு தட்டும் தேவையும் குறைந்திருக்கிறது. ஆனால் பட்டையைப் பத்து நிமிடத்தில் பார்க்க வேண்டும்; தாமதித்தால் இல்லாத கோடு தெரியக்கூடும். கருவி மாறினாலும் கடிகாரம் நுட்புநரின் கையில்தான் இருக்கிறது.

இந்த வாரம் சொல்வதாக இருந்த பதிவு விஷயத்துக்கு இடம் போதவில்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம், பட்டயத்துக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் பயிற்சி என்று வரையறுத்து, மாநிலப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. பழைய ஓராண்டுச் சான்றிதழோடு வேலை பார்ப்பவர்களுக்கு அதனால் என்ன ஆகும் என்பது அடுத்த வாரம்.