அம்மாவின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

எஸ்எஸ்எல்சி, இரண்டாம் பியூசி முடிவுகள் வந்ததும் பெங்களூரு வீடுகளில் முதல் கேள்வி “எத்தனை பெர்சன்ட்?” என்பதுதான். 95 என்றால் உடனே ஸ்காலர்ஷிப் பேச்சு எழும். 62 என்றால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். “இவனுக்கு யார் கொடுக்கப்போறா?” என்று சொல்லிவிட்டு, பையனை மொபைல் கடையிலோ டெலிவரி வேலையிலோ சேர்த்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குவார்கள்.

இந்தக் கணக்கே பிசகு. இந்த ஊரில் படிப்புக்குக் கிடைக்கும் உதவிகளில் பலவற்றுக்கு மார்க் ஒரு பொருட்டே இல்லை. பாஸ் செய்திருந்தாலோ, பாதிக்குப் பாதி வாங்கியிருந்தாலோ போதும். அப்பா எந்த கார்டு வைத்திருக்கிறார், அம்மாவின் சம்பளத்தில் எந்தப் பிடித்தம் போகிறது என்பதைத்தான் அவை பார்க்கின்றன. மார்க் ஷீட்டோடு ஓடுவதற்கு முன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் எங்கே படிப்பது? அமெரிக்காவில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு வீட்டருகே, குறைந்த கட்டணத்தில், இரண்டாண்டுப் படிப்புக்குக் கம்யூனிட்டி காலேஜ் இருக்கிறது. அந்த எண்ணம் நம் பக்கமும் வந்தது. 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜும் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கின. பெங்களூரில் அந்த வேலையை நெடுங்காலமாகச் செய்துவருபவை ஐடிஐக்கள், அரசு பாலிடெக்னிக்குகள், ‘ஃபர்ஸ்ட் கிரேடு காலேஜ்’ என்று அழைக்கப்படும் அரசுப் பட்டக் கல்லூரிகள். பாலிடெக்னிக் என்றாலே முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல். குரு தத்தின் ‘காகஸ் கே பூல்’ படத்தில் ஒளியைக் கொண்டு மாயம் செய்த வி.கே. மூர்த்தி, தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர், சேஷாத்ரி சாலை எஸ்.ஜே. பாலிடெக்னிக் மாணவர். இயக்குநர் கோவிந்த் நிஹலானியும் அங்கே படித்தவர்தான்.

இந்தக் கல்லூரிகளில் கட்டணம் பெரிய சுமையில்லை. சுமை மற்றவற்றில் இருக்கிறது. பஸ், சாப்பாடு, டிராயிங் சாமான், ரெக்கார்டு நோட்டு, ஒரு லேப்டாப், எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளம். பெண் பிள்ளைகளுக்கு இதில் பஸ் செலவு 2023 ஜூன் 11 முதல் போய்விட்டது. சக்தி திட்டத்தில் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டையைக் காட்டினால் சாதாரண பிஎம்டிசி பஸ்ஸில் டிக்கெட் இலவசம். யாரும் இதை ஸ்காலர்ஷிப் என்று சொல்வதில்லை. ஆனால் ஒயிட்ஃபீல்டிலிருந்து சேஷாத்ரி சாலைக்கு மூன்று ஆண்டு போய்வரும் பெண்ணுக்கு, பல அறக்கட்டளைகள் விழா வைத்துக் கொடுக்கும் காசோலையைவிட இது பெரிய தொகை.

இப்போது சம்பளச் சீட்டுக்கு வருவோம். பீன்யா, மைசூர் ரோடு, பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ்களில் வேலை செய்யும் பெண்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துக்காரர்கள் ஏராளம். அவர்கள் சம்பளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை தொழிலாளர் நல நிதிக்கு என்று ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. நெடுங்காலம் அது 20 ரூபாய். அண்மையில் 50 ஆனது. தொழிலாளி 50 கொடுத்தால் முதலாளி 100, அரசு 50 போட வேண்டும். இந்தப் பணம் கர்நாடகத் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போகிறது. அந்த வாரியம்தான் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முதல் கல்லூரி வரை ஆண்டுதோறும் கல்வி உதவி தருகிறது. தொகை பள்ளிப் பிள்ளைகளுக்கு 6,000 ரூபாயில் தொடங்கி, பாலிடெக்னிக், பட்டப்படிப்பு என்று ஏறி, பொறியியல், மருத்துவத்துக்கு 20,000 வரை போகிறது. பெற்றோர் சம்பளம் மாதம் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; கார்மென்ட்ஸ் டெய்லரின் சம்பளம் அதற்கு வெகு கீழே. மார்க் 50 சதவீதம் போதும். தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு 45. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும்.

பலருக்கு இது தெரியாது. பிடித்தம் போவதே தெரியாதபோது அதன் பலன் எப்படித் தெரியும்? விண்ணப்பத்துக்குத் தொழிற்சாலையின் ஒப்புதலும் வேண்டும். அங்கேதான் பல விண்ணப்பங்கள் படுத்துவிடுகின்றன. “ஹெச்.ஆர். மேடம் லீவு”, “அடுத்த வாரம் வா” என்று இழுத்தடித்தால் கடைசித் தேதி போயே போய்விடும். லைனில் புரொடக்‌ஷன் டார்கெட்டை விட்டுவிட்டு அலுவலக அறைக்கு எத்தனை முறை நடக்க முடியும்? தன் சம்பளத்திலிருந்து போன காசில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்கும் பெண், ஏதோ தானம் கேட்பதுபோல் நிற்க நேர்வதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கட்டட வேலைக்காரர்களுக்குத் தனி வாரியம். புதிதாக எழும் பெரிய கட்டடங்களின் செலவில் 1 சதவீதம் செஸ் வரியாக அதற்குப் போகிறது. ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்தவர்கள் பதிவு செய்து ‘லேபர் கார்டு’ வாங்கினால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கேட்கலாம். இதில் பெரிய தகராறு நடந்தது. வேலையே செய்யாதவர்கள் போலி கார்டு வாங்கிக் குவித்தார்கள். அரசு கார்டுகளை ரத்து செய்யத் தொடங்கியது. 2023 அக்டோபரில் கல்வி உதவித் தொகையையும் வெட்டியது. பழைய தொகையை நம்பிக் கல்லூரியில் சேர்ந்திருந்த மாணவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். போலிகளைப் பிடிக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சென்ட்ரிங் கம்பி கட்டுபவரின் மகள் அதற்கு விலை கொடுப்பானேன்?

இப்படி வேலையோடு ஒட்டிய உதவிகள் இன்னும் உண்டு. பீடி சுற்றுபவர்கள், சுரங்கத்திலும் சினிமாவிலும் வேலை செய்பவர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை தருகிறது. விண்ணப்பிப்பது தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில். அல்சூரில் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருக்கும் ஊர் இது. ‘தம்பி’ என்று அழைக்கப்படும் அந்தப் படையினரில் ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்கள் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கின்றன. முன்னாள் படைவீரர் பிள்ளைகள் தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் ஸ்காலர்ஷிப்பில் ஆணுக்கு மாதம் 2,500, பெண்ணுக்கு 3,000 ரூபாய். டிப்ளமாவுக்கு இது கிடையாது. ஆனேக்கல், ஹொசகோட்டேப் பக்கத்து விவசாயிகளின் பிள்ளைகளுக்கு 2021-ல் அப்போதைய முதல்வர் பசவராஜ் பொம்மை தொடங்கிய ‘ரைத வித்யா நிதி’ வந்தது. பிறகு அது ஆட்டோ, டாக்சி ஓட்டுநர் பிள்ளைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆட்சி மாறும்போது இத்தகைய திட்டங்களின் பெயரும் தொகையும் மாறும் என்பதால், போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்ததை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

பெண்களுக்கு இரண்டு உதவிகளை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேரும் பெண்ணுக்கு தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலான ஏஐசிடிஇயின் ‘பிரகதி’ ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுக்க டிப்ளமாவுக்கு 5,000 இடம் என்பதால் இதில் மார்க்குக்கு வேலை உண்டு. ஆனாலும் மூன்று ஆண்டில் ஒன்றரை லட்சம் என்பது முயன்று பார்க்கவேண்டிய தொகை. மற்றொன்று, பெங்களூரிலேயே தலைமையகம் உள்ள அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையுடையது. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அரசுப் பள்ளியில் முடித்துப் பட்டப்படிப்பிலோ டிப்ளமாவிலோ முதலாண்டு சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை ஆண்டுக்கு 30,000 ரூபாய். 2025-26-ல் பல மாநிலங்களில் 2.5 லட்சம் பெண்களுக்குக் கொடுப்பது என்று திட்டம் விரிந்தது. கர்நாடகமும் அதில் உண்டு. முதல் ரேங்க் வேண்டாம், கட்டுரைப் போட்டி வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்ததே தகுதி. தமிழ்நாட்டின் ‘புதுமைப் பெண்’ திட்டத்துக்கும் இதே அடிப்படைதான். மகளை எப்பாடு பட்டாவது கான்வென்ட்டில் சேர்த்துவிடத் துடிக்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மார்க் உள்ளவர்களுக்கும் வழி உண்டு. மத்திய அரசின் கல்லூரி ஸ்காலர்ஷிப் 82,000 பேருக்கு. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான ஷிபுலாலின் குடும்பம் 1999-ல் தொடங்கிய வித்யாதன், பத்தாம் வகுப்பிலேயே ஏழைப் பிள்ளைகளைக் கண்டெடுத்து மேலே கொண்டுபோகிறது. இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் ‘ஸ்டெம் ஸ்டார்ஸ்’, அறிவியல், பொறியியல் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தருகிறது. இவற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள் என்பதால் நான் விரித்துச் சொல்லவில்லை.

ஐடி பணம் வந்த பிறகுதான் பெங்களூரில் கொடையும் வந்தது என்று நினைப்பவர்கள் கண்டோன்மென்ட் வரலாற்றைப் பார்க்க வேண்டும். வணிகத்திலும் கட்டட ஒப்பந்தங்களிலும் சம்பாதித்த ஆற்காடு நாராயணசாமி முதலியார், ஏழைப் பிள்ளைகளுக்கென 1873-ல் இங்கே பள்ளி தொடங்கினார். ஆர்பிஏஎன்எம் என்ற எழுத்துகளில் அவர் பெயர் கல்லூரிப் பலகையில் இன்றும் இருக்கிறது.

சரி, தகுதி இருக்கிறது, திட்டமும் தெரிந்துவிட்டது. இனிக் காகிதம். கர்நாடக அரசின் உதவிகளில் பலவற்றுக்கு எஸ்.எஸ்.பி. (மாநில ஸ்காலர்ஷிப் போர்ட்டல்) என்ற ஒரே போர்ட்டல். அதில் சாதி, வருமானச் சான்றிதழ்களின் ஆர்.டி. நம்பர் கேட்கும். வருவாய்த் துறை அலுவலகமான நாட கச்சேரியில் வாங்கும் வருமானச் சான்று ஐந்தாண்டு செல்லும். ஆகவே பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே வாங்கி வைத்துவிடலாம். ரிசல்ட் வந்தபின் போனால் ஊரே அங்கே நிற்கும். தமிழர்களான நமக்குக் கூடுதலாக ஒரு தொல்லை, இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால், மார்க்ஸ் கார்டில் பின்னால், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் கம்ப்யூட்டர் மூன்று ஆட்களாகத்தான் பார்க்கும்.

பணம் அனுமதிக்கப்பட்டும் வந்து சேராத கதைகளுக்கு வழக்கமான காரணம் ஆதார் சீடிங். பேங்கில் ஆதார் நகலைக் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழவேண்டிய கணக்கு என்று, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தைக் கையாளும் என்பிசிஐயில் பதிவாகியிருப்பது வேறு. சிம் வாங்கும்போது கடைக்காரர் ஒரு விரல் ரேகையில் திறந்துவிட்ட பேமென்ட்ஸ் பேங்க் கணக்கில் ஸ்காலர்ஷிப் போய் உட்கார்ந்திருக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே எந்த பேங்க் இணைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், காசு கிடையாது.

சாதிச் சான்றிதழ் விஷயம் இதைவிடக் கடினம். 1950 ஆகஸ்ட் 10-ல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையை அடிப்படையாக வைத்து, வேலை தேடி வேறு மாநிலம் போன பட்டியல் சாதியினர் போன இடத்தில் பட்டியல் சாதிச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்நாடகப் பட்டியலில் ஆதி திராவிடர் இருக்கிறார்கள். கண்டோன்மென்ட்டிலும் கோலார் தங்கவயலிலும் பல தலைமுறையாக வாழும் குடும்பங்களுக்கு அதனால் வழி உண்டு, பழைய ஆவணம் கையில் இருந்தால். இருபது வருடம் முன்பு திருவண்ணாமலையிலிருந்து வந்தவரின் மகன் பெங்களூரிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்திருந்தாலும், சான்றிதழுக்கு அப்பாவின் சொந்த ஊரே அடிப்படை, கர்நாடகத்தின் எஸ்.சி. உதவி அவனுக்கு எட்டாது. நியாயமா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் மாறும்வரை அந்தப் பையனுக்குச் சாதி கேட்காத உதவிகள், அதாவது அப்பாவின் லேபர் கார்டும் அம்மாவின் நல நிதியும்தான் உடனடி வழி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கல்லூரி ஜூனில் பணம் கேட்கும். ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அந்த ஆண்டு முடியும் தறுவாயில்தான் வரும், சில நேரம் அதற்கும் பிறகு. முதல் ஆண்டுச் செலவை அதை நம்பித் திட்டமிடாதீர்கள். உதவி தரும் அரசுப் போர்ட்டல்கள் விண்ணப்பிக்கக் கட்டணம் வாங்குவதில்லை. சைபர் சென்டர்க்காரர் தன் வேலைக்கு வாங்குவது வேறு. “ஐயாயிரம் கொடுங்க, சாங்ஷன் வாங்கித் தர்றேன்” என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

இதைப் படிப்பவர்களில் கார்மென்ட்ஸ், ஃபேக்டரி அலுவலகங்களில் ஹெச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். நல வாரிய விண்ணப்பம் திறந்ததும் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு தாளில் எழுதி கேன்டீன் சுவரில் ஒட்டுங்கள். யாராவது படிவத்தோடு வந்தால் அன்றைக்கே ஒப்புதல் போட்டுக் கொடுங்கள்.