வீதி முடியும் இடத்தில் ‘பாதை’

குறிகட்டுவான் ஜெற்றியில் நின்ற படகோட்டி ஒருவரிடம், நெடுந்தீவிலிருந்து திரும்பும் கடைசிப் போட் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். “நேரம் எழுதித்தான் போட்டிருக்கு தம்பி. சோளகக் காத்து எழும்பினா அது வேற கதை” என்றார். தீவுப் பயணத்தின் பாதி விளக்கம் அந்தப் பதிலிலேயே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும்.

776 இலக்க பஸ் பண்ணையைத் தாண்டியதுமே குடாநாடு பின்னால் போய்விடுகிறது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, வாணர் பாலம், புங்குடுதீவு, அதன் மேற்கு ஓரத்தில் குறிகட்டுவான். வழியில் நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணிநேரம் வரை பிடிக்கும். வாடகை ஹையேஸ் வானில் வருபவர்கள் முன்னதாகவே வந்து சேர்ந்துவிடுவார்கள், ஆனால் அவர்களும் ஜெற்றியில் அதே போட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் தூங்கிப்போனவருக்கு இரண்டு தீவுகளைக் கடந்துவிட்டோம் என்பதே தெரியாது. இங்கே பரவைக்கடலில் பல இடங்களில் ஆள் இறங்கி நின்று வலை வீசலாம். அதனால்தான் கல்லும் மண்ணும் கொட்டித் தாம்போதி கட்ட முடிந்தது. பண்ணைத் தாம்போதியும் வாணர் பாலமும் அப்படிப்பட்டவைதான். ஆழம் குறைந்த கடல் வீதிக்கு இடம் கொடுத்தது. அதே கடல் பெரிய கப்பலுக்கு இடம் கொடுக்கவில்லை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஏன் பெரிய பயணிகள் கப்பல் விடுவதில்லை என்று கேட்பவர்கள் முதலில் இந்தத் தண்ணீரின் ஆழத்தைப் பார்க்க வேண்டும்.

தாம்போதி எட்டாத இடத்தில் படகு. இந்தப் படகை அரசாங்கம் எப்படிப் பார்க்கிறது என்பது சுவையான விஷயம். நெடுந்தீவுக்கு ஓடும் ‘குமுதினி’ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகு. கடலில் ஓடும் ஒன்று வீதிக்காரர்களின் பொறுப்பில் இருக்கிறது. வீதி அறுந்துபோன இடத்தில் மிதக்கும் ஒரு துண்டு வீதி என்பதுதான் கணக்கு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவையை மக்கள் ‘பாதை’ என்றே சொல்வதிலும் அதே கணக்கு இருக்கிறது. கிழக்கு மாகாணத்திலும் இதே சொல்தான். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிப் பிள்ளைகளோடு கவிழ்ந்ததும் ஒரு பாதைதான். பாலம் கட்டி முடியும்வரை என்று விடப்பட்ட இடைக்கால ஏற்பாடு அது.

ஊர்காவற்றுறைப் பாதையில் ஏறிப் பார்த்தால் அதன் பெறுமதி விளங்கும். அக்கரை கண்ணுக்கெதிரே தெரிகிறது. நடுவில் டச்சுக்காரரின் கடற்கோட்டை. ஒருகாலத்தில் யானைகளைக் கப்பலேற்றிய துறை இது. இன்று மோட்டார் சைக்கிளும், மீன் பெட்டியும், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளும் சில நிமிடங்களில் மறுகரையில் இறங்குகிறார்கள். பாதை பழுதானால் யாழ்ப்பாணம்வரை போய், பொன்னாலைப் பாலத்தால் சுற்றித்தான் காரைநகருக்கு வர வேண்டும். அரை நாள் போய்விடும்.

இனி நெடுந்தீவு. நயினாதீவுக்குப் போவது சின்ன வேலை, கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவுக்கு ஒரு மணிநேரமளவு, நடுவில் ஏழாற்றுப்பிரிவு. பல திசை நீரோட்டங்கள் ஒன்றையொன்று இடிக்கும் இடம். அதுவரை கதைத்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே பேச்சை நிறுத்துவார்கள். வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாதிவரை தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும். நெடுந்தீவு இருப்பதும் குறிகட்டுவானுக்குத் தென்மேற்கில்தான். ஆகவே போகும்போது படகு காற்றை முகத்துக்கு நேரே வாங்குகிறது, திரும்பும்போது காற்றே தள்ளிவிடுகிறது. மழைக்காலத்து வாடைக்காற்றில் இது தலைகீழாகும். போகும்போது சுகமாகப் போனோம் என்று நினைத்துத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடுபவர் ஏமாறுவது இதனால்தான்.

படகுக்குள் இருப்பதும் ஒரு கலை. பழைய மரப் போட்டுகளில் ஆட்கள் தட்டுக்குக் கீழே இறங்கி உட்கார வேண்டும். சின்னத் துவாரங்கள், டீசல் மணம், வியர்வை. மேலே இருந்தால் காற்று வரும், உப்புத்தண்ணீரும் வரும். வாந்தி வருபவர்கள் பின்பக்கம், நடுவாக இருப்பது நல்லது. முன்பக்கம்தான் கூடத் தூக்கிப் போடும். உயிர்காப்பு அங்கியைத் தந்தால் மடியில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். காஸ் சிலிண்டர், மரக்கறி மூட்டை, சீமெந்து, ஆசிரியர்கள், கிளிநிக்குக்குப் போய் வருபவர்கள் எல்லாருக்கும் ஒரே போட்தான். இரவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் பெரும்பாலும் கடற்படைப் படகைத்தான் அழைக்க வேண்டியிருக்கிறது.

குமுதினி என்ற பெயருக்கு இன்னொரு கனமும் உண்டு. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்படப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். நெடுந்தீவில் ஆண்டுதோறும் அந்த நாளில் விளக்கேற்றுகிறார்கள். அடுத்த நாள் அதே கடலால்தான் வேலைக்குப் போகிறார்கள்.

நயினாதீவின் நெருக்கடி வேறு வகை. நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாக் காலத்தில் ஜெற்றியில் கால் வைக்க இடமிராது. தெற்கிலிருந்து நாகதீப விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர்களின் வான்களும் பஸ்களும் வீதியோரம் நீளமாக நிற்கும். இங்கே தனியார் படகுகள் முறை வைத்து ஓடுகின்றன, ஒன்று நிரம்பியதும் அடுத்தது. நேர அட்டவணையைவிட இந்த முறை நன்றாக வேலை செய்கிறது என்பது என் எண்ணம். ஆனால் அது ஆள் நிறைந்த வழிக்கு மட்டும் பொருந்தும். எழுவைதீவு, அனலைதீவு போன்ற சனம் குறைந்த தீவுகளில் படகு நிரம்பக் காத்திருந்தால் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அங்கே அரசு காசு போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

இந்தியாவுக்குப் போய்வரும் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கியபோது முதற்பக்கச் செய்தி. சில நாளில் நின்றதும் செய்தி, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியதும் செய்தி. ஆனால் குறிகட்டுவான் போட் நாள்தோறும் ஓடுகிறது. எஞ்சின் பழுதானால்தான் அதைப் பற்றி நாங்கள் எழுதுகிறோம்.

உண்மையில் பழுதைவிட அதிகம் வதைப்பது பஸ்ஸும் போட்டும் ஒன்றையொன்று தவறவிடுவதுதான். ஒருமுறை நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து வந்த எங்கள் படகு ஜெற்றியை நெருங்கும்போது, கரையில் நின்ற பஸ் புறப்பட்டுப் போவதை அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டையும் நடத்துபவர்கள் வேறு வேறு, நேரம் போடுபவர்களும் வேறு வேறு. நெடுந்தீவுக்குப் போகிறவர் முதலில் திரும்பும் போட்டின் நேரத்தைக் கேட்டு, அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு எந்த பஸ் இருக்கிறது என்பதையும் நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கியதும் குதிரை, பெருக்கமரம், கோட்டை என்று பார்க்கப் புறப்படுமுன், கெப்காரரிடமும் ஓட்டோக்காரரிடமும் போட் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் உங்களைவிட நன்றாகக் கணக்கு வைத்திருப்பார்கள்.

போன மாதம் திரும்பி வந்தபோது கடல் கொஞ்சம் கொந்தளித்ததில் படகு பிந்திவிட்டது. பஸ் நின்றது. நடத்துநர் மிதிபலகையில் ஒரு காலை வைத்து ஜெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியாக ஒரு அம்மா, நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, ஒடியல் மா மூட்டையோடு ஏறினார். “போட்டுச் சனம் முடிஞ்சுதோ?” என்று கேட்டுவிட்டு நடத்துநர் விசிலை ஊதினார்.